மலையில பயிற்சி, கோவை வெயில்ல மேட்ச்: இரண்டாம் பாதியில கால் ஏன் நின்னுடுது?

லெஃப்ட்விங்_கோத்தகிரி:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாவது படிக்கிறேன், 14 வயசு, 46 கிலோ. ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல லெஃப்ட் விங், இடது கோட்டோரம் ஏறி ஆடுற இடம். காலாண்டுப் பரீட்சை முடிஞ்ச அடுத்த வாரம் கோவையில டோர்னமென்ட், இன்னும் 22 நாள் இருக்கு. மூணு நாள், தினம் ஒரு மேட்ச், 35 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி, காலையில 11 மணிக்கு கிக்-ஆஃப். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சாயங்காலம் 4.15-ல இருந்து 5.30 வரை பயிற்சி. சனிக்கிழமை மேட்ச். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் ஏழு பேர் ஆட்டம்.

நாலு விஷயம் கேட்கணும்.

ஒண்ணு: இங்க 70 நிமிஷம் ஓடினாலும் மூச்சு வாங்குறதில்ல. கீழே போனா 45-வது நிமிஷத்துல தலை கனக்குது, ரெண்டு கெண்டைக்காலும் பிடிச்சுக்குது. தண்ணி நிறையவே குடிக்கிறேன், அப்பவும் அப்படித்தான்.

ரெண்டு: வலது முழங்கால் சில்லுக்கு ரெண்டு விரல் கீழே எலும்பு புடைச்சிருக்கு. தொட்டா வலிக்குது. ஷாட் அடிக்கும்போதும் எஸ்டேட் படி இறங்கும்போதும் அதிகம். ரெண்டு மாசமா இருக்கு. ஸ்ப்ரே அடிச்சுட்டு ஆடு, சரியாகிடும்னு டீம்ல சொல்றாங்க.

மூணு: பூட்ஸ் ஒரு ஜோடிதான் வாங்க முடியும். இங்க ஈரமான செம்மண் கிரவுண்ட், கோவையில காய்ஞ்ச கட்டாந்தரை. அடியில எந்த ஸ்டட் (முளை) இருக்கறது வாங்கறது?

நாலு: மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ள பஸ்ல வாந்தி வருது. அன்னிக்கு என்ன சாப்பிட்டுப் போறது?

பிஇடி_குன்னூர்:

தம்பி, உனக்கு ஸ்டாமினா குறைவு என்ற நினைப்பை முதலில் விடு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதில் வளர்ந்த உடம்புக்குக் கோவைக் காற்று தாராளம். உன்னிடம் இல்லாதது வியர்க்கிற பழக்கம்தான்.

வெயிலில் ஓடும்போது இதயம் ஒரே ரத்தத்தை இரண்டு இடத்துக்குப் பங்கு போட வேண்டும்: கால் தசைக்கு ஒரு பங்கு, சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ஒரு பங்கு. வெயிலுக்குப் பழகிய உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவாகவே போகும். மலைப் பையனின் உடம்பு வியர்க்கவே தாமதமாகத் தொடங்குகிறது, வியர்வையோடு உப்பையும் கூடுதலாக விடுகிறது. 45-வது நிமிடத்தில் தலை கனப்பது இதனால்தான். இந்தப் பழக்கம் வர 10 முதல் 14 நாள் ஆகும், அதில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே வந்துவிடும். வெயிலை விட்டு விலகினால் இரண்டு மூன்று வாரத்தில் போயும் விடும். ஆக, உன்னிடம் இருக்கிற 22 நாள் சரியான அவகாசம்.

எப்படிப் பழகுவது? கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். அணியாகப் போக முடிந்தால் கடைசி இரண்டு சனிக்கிழமையும் அங்கே காலை 10.30-க்கு ஒரு பயிற்சி ஆட்டம் போடுங்கள். அது மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு நாள் வெயில் உடம்புக்குப் பதியாது. மற்ற நாட்களில், வெயில் அடிக்கும் மதியம் விளையாட்டு பீரியட் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். மாலைப் பயிற்சியில் கடைசி 20 நிமிடம் ஜெர்சிக்கு மேல் பருத்தி ட்ராக் சூட் போட்டுக்கொண்டு நடுத்தர வேகத்தில் ஓடலாம். 8 முதல் 10 நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் செய்யக் கூடாது. தலை சுற்றினாலோ உடம்பு சில்லிட்டாலோ உடனே கழற்றிவிடு. மழைக்கோட்டு, பிளாஸ்டிக் உறை எதுவும் வேண்டவே வேண்டாம். வியர்வை ஆவியாக வழியில்லாமல் உடல் சூடு தறிகெட்டு ஏறும், பிள்ளைகள் மயங்கி விழுவது அதில்தான்.

தண்ணீர் விஷயத்தில் நீ பாதிதான் சரி. வெறும் தண்ணீரை வயிறு நிறையக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். வியர்வையாகப் போவதைவிட அதிகமாகக் குடிப்பது குறைவாகக் குடிப்பதைப் போலவே ஆபத்து. மேட்சுக்கு நான்கு மணி நேரம் முன்னால் கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி, உன் எடைக்கு 230 முதல் 320 மில்லி வரும், பெரிய டம்ளர் ஒன்று. மேட்சின்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு வழித்த கால் டீஸ்பூன் உப்பு, பத்து டீஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சை. ருசி பார்த்தால் உப்பு மெல்லத் தெரிய வேண்டும், கரிக்கக் கூடாது. இடைவேளையில் 200 முதல் 300 மில்லி. பந்து வெளியே போகும்போதெல்லாம் கோட்டோரம் இரண்டு மிடறு.

உனக்கு எவ்வளவு தேவை என்பதை எடை மிஷின் சொல்லும். பயிற்சிக்கு முன் ஒரு எடை, முடிந்ததும் துடைத்துக்கொண்டு ஒரு எடை. குறைந்த எடையோடு நடுவில் குடித்த தண்ணீரையும் கூட்டினால் மொத்த வியர்வை. எடை இழப்பு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், உனக்கு 900 கிராம்.

கெண்டைக்கால் பிடிப்பதை உப்புக் கணக்கில் மட்டும் எழுதிவிடாதே. களைத்த தசைதான் பிடிக்கும். முதல் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பந்துக்கும் கோட்டோரம் பறக்கிற விங்கருக்கு இரண்டாம் பாதியில் கால் நிற்கத்தான் செய்யும். ஒரு முழு ஓட்டம் ஓடினால் திரும்பி வரும்போது நட. உனக்குப் பின்னால் காக்கிற லெஃப்ட் பேக்கிடம் முன்பே பேசி வைத்துக்கொள்: அவன் ஏறினால் நீ நிற்க வேண்டும், நீ ஏறினால் அவன் நிற்க வேண்டும். தினமும் ஒற்றைக் காலில் குதிகால் தூக்கி இறக்கும் பயிற்சி, மூன்று தடவை 12. பிடித்துவிட்டால் முழங்காலை நீட்டி, கால்விரல்களை உன் பக்கம் இழுத்து 20 முதல் 30 வினாடி பிடி. படுக்கப் போட்டுக் குத்த விடாதே.

ரொம்ப வெப்பமான நாளில் பாதிக்கு நடுவே 90 வினாடி முதல் 3 நிமிடம் வரை குளிர்விக்கும் இடைவெளி விட ஆட்ட விதியிலேயே இடமுண்டு. போட்டி விதிமுறையில் அது இருக்க வேண்டும், அதனால் முதல் நாள் மேனேஜர் கூட்டத்திலேயே உங்கள் சார் கேட்டுவிடட்டும்.

ஒன்றை அணி முழுக்கத் தெரிந்து வைத்திருங்கள். வெயிலில் ஒருவன் உளறினால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, ஷின் கார்டு, சாக்ஸ், ஜெர்சியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரட்டும் என்று ஊற்றாமல் காத்திருக்கக் கூடாது.

இயன்முறை_உதகை:

முழங்காலுக்கு நான் சொல்றேன் தம்பி. நேரில் பார்க்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்ற இடம், வயசு, வலிக்கிற நேரம் மூணும் ஆஸ்குட்-ஷ்லாட்டர்ங்கற வளர்ற வயசு முட்டி வலிக்குப் பொருந்துது. முன்தொடைத் தசை முழுக்க ஒரே நாணாச் சேர்ந்து சில்லைக் கடந்து, கீழ்க்கால் எலும்போட முன்பக்கம் ஒரு சின்ன மேட்டுல ஒட்டுது. உங்க வயசுல அந்த மேடு இன்னும் முழு எலும்பாகல, குருத்தெலும்புதான். எலும்பு வேகமா நீளுற காலத்துல தசை இறுக்கமா இருக்கும். ஒவ்வொரு ஷாட்டும், ஒவ்வொரு குதிப்பும் அந்தக் குருத்தைப் பிடிச்சு இழுக்குது. இழுத்த இடம் வீங்கிப் புடைக்குது. பையன்களுக்கு 12-ல இருந்து 15 வரைக்கும், பெண் பிள்ளைகளுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வரும். வளர்ச்சி முடிஞ்சா வலி போயிடும், புடைப்பு மட்டும் சிலருக்குத் தங்கும்.

ஸ்ப்ரே அந்த இழுப்பைக் குறைக்காது. வலியை மட்டும் கொஞ்ச நேரம் மறைக்கும். எப்ப நிறுத்தணும்னு சொல்ற ஒரே ஆள் வலிதான், அதோட வாயைக் கட்டிட்டு ஆடாதீங்க.

மலைப் பிள்ளைகளுக்கு இதுல ஒரு தனிச் சுமை உண்டு, சமவெளியில எழுதின அறிவுரையில அது இருக்காது. படி இறங்குறது. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்யும், இறங்கும்போது நீண்டுகிட்டே பிரேக் பிடிக்கும். அந்த பிரேக்தான் புடைப்பை அதிகமா இழுக்கும். முதுகுல ஸ்கூல் பை இருந்தா இன்னும் மோசம். எஸ்டேட் படி 200 இறங்கிட்டு கிரவுண்டுக்குப் போனா, பயிற்சி ஆரம்பிக்கும் முன்னாடியே அந்த இடம் 100 தடவை இழுபட்டாச்சு. இந்த மூணு வாரம் படியை விட்டுட்டு ரோட்டைச் சுத்திப் போங்க. வழியே இல்லேன்னா வலது காலை முதல்ல கீழ வைங்க: கீழ் படியில இறங்குற கால் சும்மா, மேல் படியில நிக்கிற கால்தான் உடம்பைத் தாங்கி இறக்குது. அதனால இடது கால் தாங்கட்டும், ஒவ்வொரு படியா இறங்குங்க.

அளவு இதுதான். வலிக்கு 0-ல இருந்து 10 வரை மார்க் போடுங்க. ஆடும்போது 3 வரைக்கும் இருந்தா தொடரலாம். 4 ஆனா அன்னிக்கு அதோட சரி. மறுநாள் காலையில எழும்போது முந்தின நாள் காலையைவிட அதிகமா வலிச்சா, முந்தின நாள் செஞ்சது அதிகம். நோட்டுல தேதி போட்டு எழுதுங்க, நினைவுல வைக்காதீங்க.

முதல் வாரம்: ஹெட்டிங் குதிப்பு, தூர ஷாட், குந்தி எழுந்து தாவுறது எல்லாத்தையும் நிறுத்துங்க. உள்பாதப் பாஸ், பந்தை நிறுத்துறது, நேரா மெதுவா ஓடுறது செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்ச்சு நாற்காலி மாதிரி உட்காருங்க, 30 வினாடி, ஐந்து தடவை, நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு. தொடை கிடைமட்டமா வர வேண்டாம், பாதி இறங்கினா போதும். ரெண்டாவது வாரம்: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குறது மூணு தடவை 10, மெதுவான அரைக் குந்தல் மூணு தடவை 10. இறங்க மூணு வினாடி, ஏற மூணு வினாடி. வலி 3-ஐத் தாண்டலேன்னா மூணாவது வாரம் ஷாட்டைத் திரும்பச் சேருங்க, முதல் நாள் 10, அப்புறம் 15, 20. பயிற்சி முடிஞ்சதும் துணி சுத்தின ஐஸ் 10 நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்துங்க. உங்க கணக்குப்படி வாரத்துல ஏழு நாளும் ஆடுறீங்க. மணிக்கணக்கு அதிகமில்ல. வயசு எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல வாரத்துக்கு வேண்டாம்ங்கற எல்லைக்கு உள்ளேதான் இருக்கு. ஆனா குருத்தெலும்பு ஆறுறதுக்கு ஒரு நாள்கூட இல்ல.

மூணு நாள் மூணு மேட்ச் இந்த முழங்காலுக்கு அதிகம். ரெண்டாவது நாள் பாதி மேட்ச் மட்டும் ஆடுற மாதிரி உங்க சார்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. கடைசி நேரத்துல சொன்னா அவரால டீமை மாத்த முடியாது.

கீழே சொல்றது இருந்தா மூணு வாரத் திட்டம் எல்லாம் வேண்டாம், உடனே டாக்டர்: குதிக்கும்போது படக்னு ஒரு சத்தம், அப்புறம் காலை நீட்டித் தூக்க முடியல, முட்டிக்குள்ளேயே நீர் கோத்து வீக்கம், ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலி, காய்ச்சலோட வலி. இன்னொண்ணு, நொண்டி நடக்குற பையனுக்கு முட்டி வலின்னா இடுப்பையும் பார்க்கணும். 10 வயசுக்கு மேல தொடை எலும்போட தலை வளர்ச்சித் தட்டுல இருந்து வழுக்குற நோய் ஒண்ணு உண்டு, வலி முட்டியில தெரியும். அதுக்கு உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஏத்தம்_இறக்கம்:

தம்பி, மலைச் சரிவை முழுசா ஒதுக்கிடாதீங்க. ஏத்தத்துல ஓடுறது முட்டிக்குச் சமதளத்துல வேகமா ஓடுறதைவிட மென்மை, பாதம் தரையில அறையுற வேகம் குறைவு. ஓரளவு செங்குத்தான ரோட்டுல 10 வினாடி முழு வேகம், இறக்கத்துல நடந்தே திரும்பணும், ரெண்டு நிமிஷம். ஆறு தடவை, வாரம் ரெண்டு நாள். விங்கருக்கு வேண்டிய வெடிப்பு இதுல வரும். இறக்கத்துல ஓடிப் பழகுறதுதான் நம்ம பசங்க செய்யுற தப்பு.

இயன்முறை_உதகை:

சரிதான், ஆனா ரெண்டாவது வாரத்துல இருந்து. முதல் வாரம் அதுவும் வேண்டாம். டோர்னமென்டுக்கு முந்தின அஞ்சு நாளும் வேண்டாம்.

செம்மண்_கிரவுண்ட்:

பூட்ஸ் பத்தி. ஒரு ஜோடிதான்னா, அடியோடு சேர்த்து வார்த்த ரப்பர் ஸ்டட், உருண்டையா, குட்டையா, எண்ணிக்கை கூடுதலா இருக்கறது வாங்குங்க. திருகிப் போடுற உலோக ஸ்டட் நம்ம மழைக்கு நல்லா இருக்கும், ஆனா கோவைக் கட்டாந்தரையில ஆணி மேல நிக்கிற மாதிரி. தரைக்குள்ள இறங்காது, உள்ளங்கால்ல குத்தும், முட்டிக்கும் அதிர்ச்சி போகும். கத்தி மாதிரி நீளமான ஸ்டட் ஈரத்துல பாதத்தைப் பிடிச்சு வைக்கும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது. முட்டிக்குள்ள எலும்பைப் பிணைக்கிற நார் கிழியறது பெரும்பாலும் அந்த நொடியிலதான்.

சாயங்காலம் போய் வாங்குங்க, அப்பத்தான் பாதம் லேசா விரிஞ்சிருக்கும். ஃபுட்பால் சாக்ஸ் போட்டுப் பாருங்க. குதிகாலைப் பின்னால ஒட்டி நின்னா முன்னால கட்டைவிரலுக்கு அரை சென்டிமீட்டர் இடம் போதும். அடுத்த வருஷத்துக்கும் ஆகும்னு ஒரு சைஸ் பெருசா வாங்கித் தராங்க பாருங்க, அதுல பாதம் உள்ளே வழுக்கி நகம் கறுத்துப்போகும், கணுக்காலும் மடங்கும். புது பூட்ஸோட நேரா டோர்னமென்ட் போகாதீங்க. முதல் நாள் 15 நிமிஷம், அப்புறம் 30, ஒரு வாரத்துல பழகிடும்.

இப்ப மழை. செம்மண் களி ஸ்டட்டுக்கு நடுவுல அப்பிக்கிட்டா ஸ்டட் இருந்தும் இல்லாத மாதிரி. அடியில லேசா தேங்காய் எண்ணெய் தடவிட்டு இறங்குங்க, களி சீக்கிரம் உதிரும். பக்கவாட்டுலயும் மேல்பக்கமும் எண்ணெய் படக் கூடாது. முடிஞ்சதும் மூங்கில் குச்சியால சுரண்டி, ஈரத் துணியால துடைச்சு, உள்ளட்டையை வெளிய எடுத்து வைங்க. உள்ளே நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு அந்தத் தாளை எடுத்துட்டுக் காய்ஞ்ச தாள் திணிங்க. முதல் தாள் நனைஞ்சு கூழாகியிருக்கும், அதை அப்படியே விட்டா ராத்திரி முழுக்க ஈரம் உள்ளேயே நிக்கும். அடுப்புப் பக்கம் வைக்கிறதுதான் நம்ம ஊர்ல பூட்ஸ் சாகுற வழி. பசை இளகி அடிப்பாகம் வாயைத் திறந்துடும்.

பந்தையும் கவனிங்க. கோத்தகிரியில 12 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏத்தின பந்து கோவைக்குப் போனதும் 10 இல்லேன்னா 11-தான் காட்டும். வெளிக்காற்றோட அழுத்தம் கீழே அதிகம், அதனால பந்து தளர்ந்து போகும். வெயில்ல சூடானா கொஞ்சம் திரும்ப ஏறும். விதிப்படி 8.5-க்கும் 15.6-க்கும் நடுவுல இருந்தா போதும், ஆனா வார்ம்-அப் பந்து தளர்ந்திருந்தா முதல் பாஸ் எல்லாம் குட்டையா விழும். பம்பும் கேஜும் பையில இருக்கட்டும். இன்னொண்ணு, கீழே காற்று அடர்த்தி கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு கூடுதல். இங்க 40 மீட்டர் போற கிராஸ் (ஓரத்துல இருந்து கோல் முன்னாடி தூக்கி அடிக்கிற பந்து) அங்க ஒரு மீட்டர் போல முன்னாலயே இறங்கும், வளைச்சு அடிச்சா வளைவும் கூடும். கிக்-ஆஃபுக்கு முன்னாடி கோட்டோரத்துல இருந்து எட்டு கிராஸ் அடிச்சுப் பார்த்துக்குங்க. கோல்கீப்பருக்கு இது இன்னும் முக்கியம்.

ஷின் கார்டு இல்லாம இறங்க விட மாட்டாங்க. கையில காப்பு, கழுத்துல செயின் இருக்கக் கூடாது. டேப் ஒட்டி மறைச்சாலும் விதி ஏத்துக்காது.

சாமைச்சோறு:

பஸ்ஸுக்கு நான். வெறும் வயிற்றோட ஏறுனா வாந்தி வராதுன்னு நினைக்கறது தப்பு கண்ணு, வெறும் வயிறு இன்னும் புரட்டும். ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, இல்லேன்னா ரெண்டு ரொட்டித் துண்டு. பால், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். முன்பக்கம் உட்காரு, ரோட்டைப் பாரு, ஃபோனையும் புத்தகத்தையும் மூடி வை. பரீட்சைக்கு வளைவுல படிச்சா கட்டாயம் வரும். காது அடைச்சா எச்சில் முழுங்கு.

கடையில தர்ற வாந்தி மாத்திரை மேட்ச் அன்னிக்கு வேண்டாம். அதுல பல தூக்கத்தைத் தரும், வியர்வையையும் குறைக்கும். வியர்க்க வேண்டிய நாள்ல வியர்வையை அடைச்சா என்ன ஆகும்னு மேல சார் சொன்னதைப் படிச்சிருப்ப. முடிஞ்சா முதல் நாளே கீழே போய்த் தங்குங்க.

11 மணி மேட்சுக்கு 7.30-லிருந்து 8-க்குள்ள நாலு இட்லி, சாம்பார், ஒரு வாழைப்பழம். எடைக்குக் கிலோவுக்கு ரெண்டு கிராம் மாவுச்சத்துங்கற கணக்குக்கு இது கிட்டத்தட்ட வந்துடும். தேங்காய்ச் சட்னி கொஞ்சமா, பூரி, வடை, பொங்கல் வேண்டாம், நெய்யும் எண்ணெயும் வயிற்றுல நின்னுடும். 10.15-க்கு இன்னொரு பாதி வாழைப்பழம் இல்லேன்னா கடலை மிட்டாய் ஒரு சின்னத் துண்டு. மேட்ச் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள சோறும், ரெண்டு முட்டையும், ஒரு டம்ளர் பாலும். தினம் ஆடுற டோர்னமென்ட்ல அந்த ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டா மூணாவது நாள் கால் கனக்கும். டவுன்ஹால்ல பிரியாணி சாப்பிடலாம்னு எல்லாரும் கிளம்புவாங்க, கடைசி மேட்சுக்கு அப்புறம் போங்க.

தூக்கம் 8-லிருந்து 10 மணி நேரம். பரீட்சை வாரத்துல ராத்திரி 12 வரைக்கும் முழிச்சுட்டு மறுநாள் பயிற்சிக்குப் போறதுக்குப் பதிலா பயிற்சியைப் பாதியாக்குங்க.

டிஃபண்டர்_குன்னூர்:

குறுக்கே கேட்கிறேன். எங்களுது பெண்கள் டீம், அண்டர் 17. அஞ்சாறு பேர் 20 நிமிஷத்துலயே களைச்சுப் போறாங்க, மலையிலயே. வெயில் காரணம் இல்ல. வார்ம்-அப்னு கிரவுண்டை ரெண்டு சுத்து ஓடிட்டு நின்ன இடத்துல காலை நீட்டி மடக்குறோம், அவ்வளவுதான். எதை மாத்தணும்?

இயன்முறை_உதகை:

முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பார்ப்பாங்க. 12-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. மலையில வாழுறவங்களுக்கு இயல்பாவே கொஞ்சம் கூடுதலா இருக்கணும், அதனால 12-ஐ ஒட்டி இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஸ்கூல்ல வாரம் ஒரு முறை தர்ற இரும்புச்சத்து மாத்திரையைப் பைக்குள்ள போட்டுட்டுப் போகாம, சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கேயே முழுங்கச் சொல்லுங்க. முக்கியமா டீ. நம்ம மாவட்டத்துல சாப்பாட்டோடயே டீ குடிக்கிறோம். டீயில இருக்கற டானின் இரும்பைக் கட்டிப்போடும், உடம்புல சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க. கீரை, ராகி, அவரை சாப்பிடும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும். மாதவிலக்கு ரொம்ப அதிகமாவோ, மூணு மாசமா வராமலோ இருக்கற பிள்ளைகளை அம்மாகிட்ட சொல்லித் தனியா டாக்டர்கிட்ட அனுப்புங்க.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபா 11+ எடுத்துக்குங்க. 20 நிமிஷம், 15 பயிற்சி: 8 நிமிஷம் மெதுவான ஓட்டம், 10 நிமிஷம் வலு, சமநிலை, தாவல், கடைசி 2 நிமிஷம் வேக ஓட்டம். நார்வேயில 13-லிருந்து 17 வயசு பெண் பிள்ளைகள்கிட்ட இதைச் சோதிச்சு 2008-ல முடிவை வெளியிட்டாங்க. மொத்தக் காயம் சுமார் மூணுல ஒரு பங்கு குறைஞ்சது, கடுமையான காயம் ஏறக்குறைய பாதியாச்சு. தாவி இறங்கும்போது முட்டி ரெண்டும் உள்பக்கமா ஒண்ணையொண்ணு பார்க்குதான்னு எதிர்ல நின்னு பாருங்க. பெண் பிள்ளைகளுக்கு முட்டிக்குள்ள எலும்பைப் பிணைக்கிற நார் கிழியறதுக்கு அது பெரிய காரணம். முட்டி கால்விரலுக்கு நேரா இருக்கணும், இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது. நின்ன இடத்துல நீட்டுறதைக் கடைசிக்கு மாத்துங்க. பனி மூட்டமா 12 டிகிரியில இருக்கற சாயங்காலம் குளிர்ந்த தசையை இழுத்துப் பிடிச்சு நிக்கிறதுல பயன் இல்ல.

லெஃப்ட்விங்_கோத்தகிரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு எடை போட்டேன். முன்னாடி 46.2, முடிஞ்சு 45.8. நடுவுல 300 மில்லி குடிச்சேன். 75 நிமிஷம், 17 டிகிரி. இது அதிகமா? அப்புறம் முட்டி பெல்ட் ஒண்ணு மெடிக்கல்ல இருக்கு, அது போடலாமா, எங்க போடணும்?

பிஇடி_குன்னூர்:

400-ஓடு 300 கூட்டினால் 700 மில்லி வியர்வை, மணிக்கு 560. குளிரிலேயே இவ்வளவு என்றால் நீ நன்றாக வியர்க்கிற உடம்புதான், நல்ல செய்தி. கீழே மணிக்கு 800-ஐத் தாண்டும் என்று வைத்துக்கொள். 70 நிமிட மேட்சுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். அதில் பாதிக்கு மேல் மேட்சுக்குள்ளேயே குடித்துவிட்டால் 900 கிராம் எல்லையைத் தொட மாட்டாய். கறுப்பு ஜெர்சி காய்ந்ததும் வெள்ளைக் கோடு படிகிறதா பார். படிந்தால் உன் வியர்வையில் உப்பு அதிகம், பாட்டிலில் கால் டீஸ்பூனைக் கொஞ்சம் கூட்டிக்கொள். மேட்டுப்பாளையத்தில் ஆடும் நாளில் திரும்ப எடை போட்டு எழுது, அந்த எண்தான் கோவைக்குச் சரியான எண்.

இயன்முறை_உதகை:

பெல்ட் போடலாம், சிலருக்கு இழுப்பு குறையும், சிலருக்கு ஒண்ணும் தெரியாது. சில்லுக்கும் புடைப்புக்கும் நடுவுல மெத்துன்னு ஒரு நாண் கைக்குத் தட்டுப்படும், அது மேலதான் பட்டையோட திண்டு உட்காரணும். புடைப்பு மேலயே கட்டினா வலி கூடும். ஒரு விரல் உள்ளே நுழையுற இறுக்கம் போதும். ஆட்டம் முடிஞ்சதும் கழட்டிடுங்க, போட்டுட்டுத் தூங்க வேண்டாம். கட்டினதும் வலி 5-ல இருந்து 2 ஆயிடுச்சுன்னு முழு மேட்ச் ஆடிடாதீங்க. மார்க் போடும்போது பெல்ட் இல்லாம காலையில எழுந்து போடுங்க.